ஆதித் திருச்சபைக்குத் திரும்புதல்: ஒரு திறனாய்வு

"ஆதித் திருச்சபைக்குத் திரும்புவோம்" என்னும் அழைப்பை இன்று கேளாத போதகர் இல்லை. குருப்பட்டம் வேண்டாம், அச்சிட்ட ஆராதனை முறைமை வேண்டாம், கோபுரமும் மணியும் வேண்டாம், சங்கமும் சந்தாவும் வேண்டாம். விசுவாசிகள் வீடுகளில் கூடி, வேதம் வாசித்து, அப்பம் பிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபித்தால் போதும். அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில் நாம் காணும் சபை அதுவே என்று கூறுவோர் ஒவ்வொரு வட்டாரத்திலும் உளர். இவ்வழைப்பை எள்ளி நகையாடுவதும், அஞ்சி எதிர்ப்பதும், ஆராயாமல் ஏற்பதும் நம்மிடையே வழக்கமாயுள்ளன. இம்மூன்றும் இறையியல் பயின்றோருக்குத் தகுந்தவை அல்ல. இவ்வழைப்பின் நியாயத்தையும் குறையையும் வேதத்தின் ஒளியிலும் தமிழகத் திருச்சபை வரலாற்றின் ஒளியிலும் நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலிலேயே கூறிவிடுவது நேர்மையாகும். கல்வராயன் மலையடிவாரத்தில், சங்கராபுரத்தைச் சூழ்ந்த சிற்றூர்ச் சபைகளுள் ஒன்று நம் பொறுப்பில் இருந்தபோது, ஒன்பது குடும்பங்கள் அதனின்று விலகி ஒரு வீட்டு மாடியில் தனியே கூடத் தொடங்கின. அவர்களோடு சென்றவர்களுள் கரும்பு வெட்டும் கூலி வேலை செய்து வாழ்ந்த முதிய விதவை ஒருவரும் இருந்தார். அவரைச் சந்திக்கச் சென்ற நாம், குருத்துவத்தைப் பற்றியும், திருச்சபையின் ஒருமையைப் பற்றியும், அந்தியோகியா இக்னேஷியஸ் எழுதிய நிருபங்களைப் பற்றியும் தக்க விடைகளை ஆயத்தம் செய்துகொண்டு சென்றோம். அவர் அவற்றுள் ஒன்றையும் கேட்கவில்லை. "ஐயா, நான் காய்ச்சலா கெடந்தப்போ அவங்கதான் கஞ்சி கொண்டாந்தாங்க. நம்ம கோயில்லேருந்து யாரும் வரலிங்க" என்றார்.

சபைப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது. கணக்குப் புத்தகத்தில் ஏழைகள் நிதி என்றொரு தலைப்பும், அதன் கீழ் ஒரு தொகையும் இருந்தன. அத்தொகையை வழங்க வேண்டிய குழு பதினான்கு மாதங்களாகக் கூடவில்லை. குழுவைக் கூட்ட வேண்டியவர் நாமே. இந்தக் குற்றத்தை மனத்திற்கொண்டே நாம் இப்பொருளை ஆராய்கிறோம்.

1. குரோவ்ஸும் அருளப்பனும்

எளிய சபைக்குத் திரும்பும் எண்ணம் அண்மையில் மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று கருதுவோர் உளர். தமிழகத்தில் அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் எக்செட்டர் நகரில் பல் மருத்துவராயிருந்த அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ், கிறிஸ்தவ அர்ப்பணிப்பைக் குறித்து 1825-இல் சிறு நூலொன்றை வெளியிட்டார். பூமியிலே பொக்கிஷம் சேர்க்க வேண்டாம் என்னும் ஆண்டவரின் கட்டளையை நேர்ப்பொருளிலேயே கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அவரும் அவ்வாறே நடந்தார். எச்சங்கத்தின் ஊதியமுமின்றி 1829-இல் பாக்தாத் நகருக்குச் சென்றார். அங்கே கொள்ளை நோயில் மனைவியை இழந்தார். 1833-இல் இந்தியா வந்தார். விசுவாசிகள் கூடுமிடத்தில் குருப்பட்டம் பெற்றவர் இல்லாவிடினும் அப்பம் பிட்கலாம் என்பது அவர் கொள்கை.

அவர் வந்த காலத்தில் பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயர், தம் உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் அளிப்பது பற்றியும் ஆங்கிலத் திருச்சபையின் ஒழுங்குகள் பற்றியும் சர்ச் மிஷனெரி சங்கத்தோடு முரண்பட்டிருந்தார். 1835-இல் சங்கம் அவரைப் பணியினின்று நீக்கியது. அந்த ரேனியஸிடம் பயின்ற ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் குரோவ்ஸின் உடன் ஊழியரானார். பின்னர்த் திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பை ஏற்படுத்தி, மிஷன் ஊதியம் பெறாமல் ஊழியம் செய்தார். 1860-இல் அங்கே தோன்றிய எழுப்புதல் திருநெல்வேலிச் சபைகள் பலவற்றிலும் பரவியது. மேல்நாட்டு மிஷனெரிகள் முன்னின்று நடத்தாத எழுப்புதல் அது. ஊதியம் பெறாத தமிழர் ஊர் ஊராய்ச் சென்று நற்செய்தி அறிவித்தனர். அருளப்பன் 1867-இல் மரித்தார். அவருடைய நாட்குறிப்புகளை ஜி. எச். லாங் என்பவர் 1939-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார்.

லாங் அந்நாட்குறிப்புகளைப் புதிய ஏற்பாட்டு முறையின் வெற்றிக்குச் சான்றாகவே வாசிக்கிறார். அவ்வாசிப்பில் உண்மை உண்டு. மேல்நாட்டுப் பணமும் மேல்நாட்டுக் கண்காணிப்பும் இன்றித் தமிழ்ச் சபை நிற்காது என்று பலர் நம்பிய நாளில், நிற்கும் என்று அருளப்பன் வாழ்ந்து காட்டினார். ராலண்ட் ஆலன் 1912-இல் பவுலின் ஊழிய முறையையும் மிஷன்களின் முறையையும் ஒப்பிட்டு எழுதி உலகத் திருச்சபையைச் சிந்திக்கச் செய்ததற்கு அரை நூற்றாண்டு முன்பே நம் நாட்டில் அது செயலாகியிருந்தது. குருப்பட்டத்தையும் சம்பளத்தையும் ஒன்றோடொன்று பிணைத்து, அவ்விரண்டுமின்றி ஊழியமே இல்லை என்று கருதப் பழகிவிட்ட நாம், அருளப்பன் முன் தலைகுனிந்தே நிற்க வேண்டும்.

ஆயினும் கிறிஸ்தியான்பேட்டையில் நிலம் இருந்தது, வீடுகள் இருந்தன, பள்ளி இருந்தது. நிலத்திற்குப் பத்திரம் வேண்டும். பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும். வரும் காணிக்கைக்குக் கணக்கு வேண்டும். எளிமையைத் தேடிச் சென்றவர்களும் சில ஆண்டுகளுக்குள் ஓர் அமைப்பைத் தாங்க வேண்டியவராயினர். இது அவர்கள் தவறன்று. மனிதர் சேர்ந்து வாழும் இடத்தில் இது நிகழ்ந்தே தீரும்.

வேறொன்றும் நோக்கத்தக்கது. பிரிவினைகளால் சிதறிய கிறிஸ்தவர்களை ஒரே அப்பத்தின் முன் ஒன்று சேர்ப்பதே குரோவ்ஸின் தொடக்க நோக்கம். ஆனால் 1836-இலேயே அவர் தம் நண்பர் டார்பிக்குக் கடிதம் எழுதி, நம் ஐக்கியம் கிறிஸ்துவின் ஜீவனை அடிப்படையாகக் கொண்டதாயிராமல், குறிப்பிட்ட உபதேசங்களில் உடன்பட்டவர்களின் கூட்டமாகச் சுருங்கி வருகிறது என்னும் கருத்துப்பட எச்சரிக்க வேண்டியதாயிற்று. 1848-இல் அவ்வியக்கம் திறந்த பிரிவு என்றும் மூடிய பிரிவு என்றும் இரண்டாயிற்று. பிரிவினையை ஒழிக்க எழுந்த இயக்கம் ஒரு தலைமுறைக்குள் தானே பிரிந்தது. அமைப்பை விட்டுவிட்டால் மட்டும் அமைப்பின் பாவம் நம்மை விட்டுவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

2. எந்த ஆதி?

திரும்புவோம் என்போரை நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, எந்த ஆதிக்கு என்பதாகும். நாசரேத்துக்கு அருகே அருமைநாயகம் சட்டம்பிள்ளை 1857-இல் மிஷனெரிகளின் தலைமையை மறுத்துத் தனிச்சபை தோற்றுவித்தார். மேல்நாட்டார் கொண்டுவந்த கிறிஸ்தவம் கலப்புற்றது என்றும் வேதத்தின் மூல ஒழுங்குக்கே திரும்ப வேண்டும் என்றும் அவரும் வாதிட்டார். அவர் கண்ட மூல ஒழுங்கோ சனிக்கிழமை ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள், தூய்மைச் சட்டங்கள் ஆகியவை. ஏறத்தாழ அதே காலத்தில், அதே திருநெல்வேலிச் சீமையில், அதே வேதாகமத்தைக் கையிலேந்தி, அருளப்பன் சடங்குகள் குறைந்த சபைக்கும் சட்டம்பிள்ளை சடங்குகள் நிறைந்த சபைக்கும் திரும்பினர். ஆதி என்பது நாம் கண்டெடுப்பது மட்டுமன்று. பெரும்பாலும் நாம் தெரிந்தெடுப்பது.

புதிய ஏற்பாட்டுக்குள்ளேயே எருசலேம் சபை ஒரு விதமாகவும் கொரிந்து சபை வேறு விதமாகவும் காணப்படுகின்றன. எருசலேமில் தேவாலய வழிபாடும் வீட்டுப் பந்தியும் ஒருங்கே நடந்தன. இரண்டாம் அதிகாரத்தின் 46-ஆம் வசனம் இரண்டையும் ஒரே மூச்சில் கூறுகிறது. வீட்டுக் கூடுகையை மட்டும் எடுத்துக்கொண்டு தேவாலயத்தை விட்டுவிடுவோர் அவ்வசனத்தின் பாதியையே வாசிக்கின்றனர்.

வேதாகமத்திற்கு வெளியே உள்ள பழைய சான்றுகளும் ஒழுங்கற்ற ஒரு பொற்காலத்தைக் காட்டவில்லை. பன்னிருவரின் போதனை என்னும் திடாக்கே, 1873-இல் கண்டெடுக்கப்பட்டு 1883-இல் அச்சேறிய பழைய நூல். ஊர் ஊராய்ச் செல்லும் ஊழியன் ஒருவன் மூன்று நாள் தங்கினாலும், போகும்போது பணம் கேட்டாலும் அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்று அது விதிக்கிறது. அத்தகைய விதி ஏன் தேவைப்பட்டது என்று சிந்தித்தால், அந்நாளிலும் சபைகளைச் சுரண்டியவர்கள் இருந்தனர் என்பது விளங்கும். கி.பி. 112-ஐ ஒட்டிப் பித்தினியா நாட்டு அதிபதி பிளினி பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் துதித்தனர் என்றும், பின் மீண்டும் கூடிச் சாதாரண உணவு உண்டனர் என்றும் காண்கிறோம். உண்மையை அறிய அவர் சித்திரவதை செய்தது, அச்சபையார் ஊழியக்காரிகள் என்று அழைத்த இரண்டு அடிமைப் பெண்களை. புறமதத்தார் எழுதிய மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றிலேயே சபையில் ஊழியப் பொறுப்பு இருந்தது தெரிகிறது. அப்பொறுப்பில் இருந்தவர்கள் அடிமைகள் என்பதும் தெரிகிறது.

ஆகவே, ஆதிச்சபையில் பொறுப்புகளே இல்லை என்று கூறித் திருச்சபை அமைப்பை எதிர்ப்பதும் பொருந்தாது. பொறுப்புகள் இருந்தன என்று கூறி இன்றைய நம் பதவிகளைக் காத்துக்கொள்வதும் பொருந்தாது. அந்த அடிமைப் பெண்களின் ஊழியமும், நம் சங்கத் தேர்தல்களில் நாம் நாடும் பதவிகளும் ஒன்றா என்பதை ஒவ்வொருவரும் தம் மனச்சான்றைக் கேட்டுக்கொள்க.

3. முறுமுறுப்பில் பிறந்த ஒழுங்கு

இரண்டாம் அதிகாரத்தை விரும்பி வாசிப்போர் ஆறாம் அதிகாரத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். நம் கருத்தில், இப்பொருளைத் தீர்க்கும் இடம் அதுவே. எல்லாவற்றையும் பொதுவாய் வைத்திருந்த அச்சபையில், அன்றாடப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டனர். முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் அதனை விசுவாசக் குறைவென்று அடக்கவில்லை; பிரிவினை ஆவியென்று கடிந்துகொள்ளவும் இல்லை. சபையாரைக் கூட்டினர், எழுவரைத் தெரிந்தெடுக்கச் சொன்னர், ஜெபம் செய்து அவர்கள்மேல் கைகளை வைத்தனர். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பது நாம் அறிந்ததே. விடுபட்டவர்களின் தரப்பைச் சார்ந்தவர்களிடமே பகிர்வின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்று கொள்ள இடமுண்டு.

எழுவரை லூக்கா உதவிக்காரர் என்னும் பட்டத்தால் அழைக்கவில்லை என்பதும், பந்தி விசாரணைக்கும் வசன ஊழியத்திற்கும் மூலமொழியில் ஒரே சொற்குடும்பத்தையே அவர் பயன்படுத்துகிறார் என்பதும் மாணவர்கள் அறிந்தவை. இவ்விடத்தில் நாம் வலியுறுத்துவது வேறு. புதிய ஏற்பாடு விவரிக்கும் முதல் அமைப்புச் சீர்திருத்தம் அதிகாரத்திற்காக எழவில்லை. உபதேசத் தகராற்றினாலும் எழவில்லை. பசித்த விதவைகளின் முறையீட்டினால் எழுந்தது. எளிமை என்னும் பெயரால் ஒழுங்கைக் கைவிட்டால், முதலில் விடுபடுவோர் அவ்விதவைகளே. ஒழுங்கு இருந்தும் அம்முறையீடு கேட்கப்படாவிட்டால், அவ்வொழுங்கு தான் பிறந்த காரணத்தை இழந்துவிட்டது. நம் சபையின் ஏழைகள் நிதியைப் போல, அது கணக்குப் புத்தகத்தில் மட்டும் உயிர் வாழும்.

4. வீடும் பந்தியும்

வீட்டுச்சபையைப் பற்றி நம் நாட்டில் பேசுவோர் மேல்நாட்டு நூல்களில் காணாத ஒரு கேள்வியைச் சந்திக்க வேண்டும். வீடு என்பது தமிழகத்தில் சாதியற்ற இடமன்று. ஊர்த்தெருவில் உள்ள வீட்டில் கூடுகை நடந்தால், காலனியிலிருந்து வரும் சகோதரர் திண்ணையோடு நிற்பாரா, கூடத்தில் அமர்வாரா, அடுக்களையிலிருந்து வரும் உணவை அதே பாத்திரத்தில் உண்பாரா? கூடுகை காலனியில் நடந்தால் ஊர்த்தெருவார் வருவார்களா? கொரிந்துவில் வசதியுள்ளோர் முந்தி உண்ண, இல்லாதோர் பசியோடிருந்த அவலத்தைப் பவுல் முதலாம் நிருபம் 11-ஆம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். அது வீடுகளில் கூடிய சபையின் அவலம் என்பதை மறக்கலாகாது. வீட்டுக்காரரின் தயவில் நடக்கும் சபையில் வீட்டுக்காரரின் வழக்கமே எளிதில் சட்டமாகிவிடும்.

இதனால் கோயில் கட்டிய சபைகள் மேலானவை என்று நாம் கூறவில்லை. குரோவ்ஸ் இந்தியா வந்த அதே 1833-இல், சாதி வேறுபாடுகளைச் சபைக்குள் அறவே ஒழிக்க வேண்டும் என்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் தென்னாட்டு மிஷன்களுக்குக் கட்டளையிட்டார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் எதிர்ப்பு மூண்டது. இருக்கையும் திருவிருந்தின் கிண்ணமுமே அப்போராட்டத்தின் களமாயின. குருப்பட்டமும் வழிபாட்டு முறைமையும் குறைவின்றி இருந்த கோயில்களில் நடந்தது இது.

நம் பழைய தென்னார்க்காட்டுப் பகுதியின் லுத்தரன் சபை வரலாறும் இக்கேள்வியோடு பிணைந்தது. சபைக்குள் சாதி வழக்கத்தைப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் மிஷனின் நிலையை ஏற்க மறுத்து விலகிய கார்ல் ஓக்ஸ் ஐயர், பண்ருட்டியை அடுத்த மேல்பட்டாம்பாக்கத்தில் பணி தொடங்கினார். 1860-களின் முற்பகுதியில் டேனிஷ் மிஷனெரி சங்கம் அப்பணியோடு இணைந்தது. ஆற்காடு லுத்தரன் திருச்சபை அவ்வேரில் முளைத்தது. கடலூர் முதல் கள்ளக்குறிச்சி வரை இன்று மணியடிக்கும் பல சிறு கோயில்களின் பின்னணியில், யாரோடு யார் உண்பது என்னும் கேள்விக்கு ஒருவர் கொடுத்த விடை நிற்கிறது. பெரும்பாலும் சேரிகளில் பிறந்த இச்சபைகள் தங்கள் தொடக்கத்தை நினைவுகூரும்போது கட்டடங்களின் நூற்றாண்டை மட்டும் கொண்டாடுவது வருந்தத்தக்கது.

எளிய சபையைத் தேடியவர்களிடமும் இதே பந்தியை நாம் காண்கிறோம். பஞ்சாபில் 1903-இல் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த பக்த் சிங், 1941-இல் சென்னையில் யெகோவா ஷம்மா சபையைத் தொடங்கினார். ஞாயிறு ஆராதனை முடிந்தபின் யாவரும் தரையில் பாய்களில் வரிசையாய் அமர்ந்து ஒன்றாய் உண்ணும் அன்பின் விருந்து அவர் இயக்கத்தின் அடையாளமாயிற்று. அவருடைய உபதேசத்தில் நாம் உடன்படாத பகுதிகள் உண்டு. ஆனால் பல குலத்தாரும் பல மொழியாரும் ஒரே பந்தியில் அமர்ந்த அக்காட்சி, திருவிருந்தை மாதம் ஒருமுறை முறைமைப்படி நடத்திவிட்டு அவரவர் வீடு திரும்பும் நமக்கு ஒரு கண்டனமாகும்.

ஆகவே, வீடா கோயிலா, குருப்பட்டமா வரங்களா, முறைமையா தன்னியல்பான ஜெபமா என்னும் வழக்கமான எதிர்நிலைகள் சிக்கலின் மையத்தைத் தொடவில்லை என்பதே நம் முடிவு. அமைப்புள்ள சபையையும் அமைப்பற்ற சபையையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும்: பகிர்வில் விடுபட்டவரின் குரல் அங்கே கேட்கப்படுகிறதா? எவரும் எவரோடும் அமர்ந்து உண்ண அங்கே இடமுண்டா? இக்கேள்விகளுக்கு ஆம் என்னும் சபை எந்த வடிவில் இருப்பினும் ஆதிச்சபையின் வழியில் நிற்கிறது.

5. முடிவுரை

தொடக்கத்தில் கூறிய நிகழ்ச்சிக்குத் திரும்புவோம். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவ்விதவை மரித்தார். வீட்டுக் கூடுகையாருக்குக் கல்லறைத் தோட்டம் இல்லை. நம்மிடம் வந்து இடம் கேட்டனர். விலகிச் சென்றோருக்கு இடமில்லை என்னும் பழைய தீர்மானம் ஒன்றை மூப்பர் ஒருவர் எடுத்துக்காட்டினார். கமிட்டி இரவு நெடுநேரம் வாதிட்டது. முடிவில் இடம் கொடுக்கப்பட்டது. இரு தரப்பு இளைஞரும் சேர்ந்து குழி வெட்டினர்.

அடக்க ஆராதனை முடிந்து திரும்புகையில், அக்கூடுகையின் தலைவரான இளைஞர் நம்மோடு நடந்து வந்தார். "ஐயா, ஒரு சங்கதி கேக்கணும். எங்ககிட்ட உதவி வாங்குற குடும்பங்கள்ல ஒருத்தருக்கு அதிகமாப் போகுது, ஒருத்தருக்குக் கொறைவாப் போகுதுன்னு பேச்சு வந்திருச்சு. கணக்கு எப்படி வைக்கிறதுன்னு சொல்லித் தரணும்" என்றார். அவர்கள் ஆறாம் அதிகாரத்திற்கு வந்து சேர்ந்திருந்தனர். இதில் நாம் மகிழ்ந்து வெற்றி கொண்டாட ஒன்றுமில்லை. அவர்களிடம் கஞ்சி இருந்து கணக்கு இல்லாதிருந்தது. நம்மிடம் கணக்கு இருந்து கஞ்சி இல்லாதிருந்தது. நாம் அறிந்ததை அவருக்குச் சொல்லிக் கொடுத்தோம். நோயுற்றோர் வீட்டுக்கு முறைவைத்துச் செல்வதை அவர்கள் எவ்வாறு நடத்துகின்றனர் என்பதை அவரிடம் கேட்டு அறிந்தோம்.

அதன்பின் நம் சபைக் கமிட்டியில் ஒரு சிறு மாற்றம் செய்தோம். மாதக் கூட்டத்தில் கட்டட வரவுசெலவுக்கு முன்பாக விதவைகள், நோயாளிகள், வேலைக்காக வெளியூர் சென்றோரின் வீட்டில் தனித்துள்ள முதியோர் ஆகியோர் பெயர்ப் பட்டியலை முதலில் வாசிக்கிறோம். ஒவ்வொரு பெயருக்கும் அம்மாதம் அவ்வீட்டிற்குச் சென்றவர் யார் என்பதைக் குறிக்கிறோம். சென்றவர் எவருமில்லை என்று குறிக்க நேர்ந்த மாதங்களும் உண்டு. அதனையும் அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறோம்.

இறையியல் கல்லூரியை முடித்துச் சேகரங்களுக்குச் செல்லவிருக்கும் மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் சபையிலும் ஒருநாள் சிலர் எழுந்து, ஆதிச்சபைக்குத் திரும்புகிறோம் என்று சொல்லி விலகுவர். அவர்களுக்கு விடையாக இக்னேஷியஸைத் தேடுமுன், அவர்கள் வீடுகளுக்குச் சென்று அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அவர்கள் உபதேசத்தில் பிழை இருக்கலாம்; அதனைப் பொறுமையோடு எடுத்துரைப்பது உங்கள் கடமை. ஆயினும் அவர்கள் முறையீட்டில் நியாயம் இருக்குமானால், அப்போஸ்தலர் செய்ததுபோலச் சபையைக் கூட்டுங்கள். புதிய சேகரத்தில் பொறுப்பேற்கும் நாளில் சொத்துப் பட்டியலையும் கணக்குப் புத்தகத்தையும் உங்களிடம் ஒப்படைப்பர். அவற்றில் கையெழுத்திடுமுன், அங்குள்ள விதவைகளின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். அப்படியொரு பட்டியல் இல்லையென்றால், உங்கள் ஊழியத்தை அதிலிருந்தே தொடங்குங்கள்.